கார் ஏசி ஃபில்டர்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த ஒரு மே மாத வாரத்தில், என் காரின் ஏசியை நான்காம் வேகத்தில் வைத்தாலும் ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) இரைந்ததே தவிர முகத்தில் காற்று படவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் காட்டினேன். கேஸ் (ஏசியின் குளிரூட்டும் வாயு) குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. காற்று அப்படியேதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் தரைத்தள நிறுத்துமிடத்தில் க்ளவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை உருவினேன். மடிப்புகளுக்கு இடையே சிமென்ட் நிறத் தூசி அப்பியிருந்தது. அதன்மேல் குல்மொகர் மரத்தின் சிற்றிலைகள் காய்ந்து பாய் விரித்தாற்போலக் கிடந்தன. ஃபில்டர் இல்லாமல் ப்ளோயரைப் போட்டதும் டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த பெட்ரோல் பங்க் ரசீது பறந்து பின் இருக்கையில் விழுந்தது.

பெரிய செலவுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஃபில்டரை உருவி வெளியே வைத்துவிட்டு, ப்ளோயரை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கீழே வரும் அறிகுறிகளில் சிலவற்றை இந்த ஒரு சோதனையைக் கொண்டே பிரித்துவிடலாம். கேஸ், அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர், காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மற்றவர் சொல்லும் காரணங்கள் தவறானவை என்பதில்லை. அவை வரிசையில் பின்னால் வர வேண்டியவை.

எந்த ஃபில்டரைப் பற்றிப் பேசுகிறோம்

காரில் காற்றை வடிகட்டுபவை இரண்டு. பானட்டுக்குள் கருப்புப் பெட்டியில் இருப்பது இன்ஜினுக்குப் போகும் காற்றுக்கானது. கடைக்காரரிடம் வெறுமனே "ஏர் ஃபில்டர்" என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். நாம் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவதைச் சென்னைக் கடைகளில் "ஏசி ஃபில்டர்" என்றும், உதிரிபாகப் பட்டியல்களில் "கேபின் ஃபில்டர்" என்றும் குறிப்பிடுவார்கள். இது மடிப்பு மடிப்பாகத் தைத்த, செவ்வக வடிவத் துணி போன்ற பொருள்.

பெரும்பாலான கார்களில் இது முன்பக்க இடது இருக்கைக்கு எதிரே, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஹோண்டா சிட்டி, இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் ஐ20 ஆகியவை இந்த வகை. ஃபோக்ஸ்வாகன் போலோவில் க்ளவ் பாக்ஸைத் தொடவே வேண்டியதில்லை. காலடியில் படுத்து, மேலே பார்த்தபடி மூடியை நகர்த்தி எடுக்க வேண்டும். சில கார்களில் ஆக்சிலேட்டர் பெடலுக்குப் பக்கத்தில், நடுப்பகுதியின் ஓரமாக இருக்கும். விலை குறைந்த சில பழைய மாடல்களில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அத்தகைய காரை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை; முதல் முறை மூடியைத் திறக்கும்போது வெற்றிடத்தைக் கண்டால் யாரோ திருடிவிட்டதாக எண்ண வேண்டாம்.

வெளிக்காற்று முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களை ஒட்டியிருக்கும் கருப்புச் சல்லடை வழியாக உள்ளே நுழைகிறது. உள்சுழற்சிப் பொத்தானை அழுத்தினால் அந்த வழி மூடப்பட்டு, காருக்குள் இருக்கும் காற்றே திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறது. பெரும்பாலான கார்களில் இரண்டு வழிக் காற்றும் ஃபில்டரைக் கடந்தே போகிறது. ஆகவே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எப்போதும் உள்சுழற்சியில் ஓட்டுபவரின் ஃபில்டரும் அழுக்காகும். செருப்போடு வரும் மண்ணும் இருக்கைத் துணியின் பஞ்சும் அதில்தான் போய்ச் சேருகின்றன.

அறிகுறி: எல்லா வேகத்திலும் காற்று குறைவு

ப்ளோயரின் சத்தம் வேகத்துக்கு வேகம் கூடுகிறது, ஆனால் காற்று அதற்கேற்பக் கூடவில்லை என்றால், மோட்டார் சுழல்கிறது, வழியில் ஏதோ தடுக்கிறது என்று பொருள். ஃபில்டர் அடைப்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அடைப்பு ஒரே நாளில் வருவதன்று; மாதக்கணக்கில் மெல்லக் குறைவதால், முன்பு இரண்டில் வைத்த வேகத்தை நாம் அறியாமலே மூன்றுக்கும் நான்குக்கும் ஏற்றிக்கொண்டு வந்திருப்போம்.

கையை நீட்டிக் காற்றை மதிப்பிடுவது ஏமாற்றும். வெயிலில் வந்த கைக்கு எல்லாக் காற்றும் குறைவாகவே தோன்றும். மாநகரப் பேருந்தின் பழைய டிக்கெட் ஒன்றை எடுத்து, அதன் மேல் நுனியைப் பிடித்து, நடு வென்ட்டுக்கு (காற்று வெளிவரும் துவாரம்) முன்னால் ஒரு சாண் தூரத்தில் தொங்கவிடுங்கள். இரண்டாம் வேகத்தில் அது எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு, ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில், அதே தூரத்தில் மீண்டும் பாருங்கள். சாய்வாக நின்ற டிக்கெட் ஏறக்குறையப் படுக்கையாகப் பறந்தால் குற்றவாளி ஃபில்டர்தான். புதியது வாங்கினால் வேலை முடிந்தது. இரண்டு முறையும் ஒரே மாதிரி சாய்ந்தால் ஃபில்டரை விட்டுவிட்டு அப்பால் தேட வேண்டும்: வைப்பருக்குக் கீழுள்ள சல்லடையில் இலை மூடியிருக்கலாம், கூலிங் காயிலின் முகத்திலேயே தூசி அப்பியிருக்கலாம், ப்ளோயர் மோட்டார் தளர்ந்திருக்கலாம்.

இவற்றில் சல்லடையைச் சோதிப்பது எளிது. உள்சுழற்சியில் காற்று நன்றாக வந்து, வெளிக்காற்றுக்கு மாற்றியதும் குறைந்தால், அடைப்பு சல்லடையில் இருக்கிறது. அண்ணா நகரிலும் அடையாற்றிலும் மர நிழல் பார்த்து வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தூங்குமூஞ்சி மரத்தின் இலையும் வேப்பம்பூவும் சல்லடையின் துளைக்குள் நுழையும் அளவிலேயே இருக்கின்றன. நிழல் வேண்டுமானால் இந்தச் சுத்தம் செய்யும் வேலையையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நானும் நிழலையே தேர்ந்தெடுக்கிறேன்.

கூலிங் காயிலில் தூசி அப்பியிருப்பது, நெடுநாள் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓடிய காரில் காணப்படும். காயில் எப்போதும் ஈரமாக இருப்பதால் அதில் படும் தூசி சேறாகி ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுத்தம் செய்யப் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் ஃபில்டரைத் தள்ளிப்போடுவதன் உண்மையான விலை அங்கேதான் தெரியும். இதே காரணத்தால்தான் ஃபில்டர் இல்லாத சோதனையையும் இரண்டு நிமிடத்தோடு, தூசி இல்லாத இடத்தில், வண்டியை நிறுத்தி வைத்தே செய்யச் சொல்கிறேன்.

அறிகுறி: கடைசி வேகத்தில் மட்டும் காற்று வருகிறது

ஒன்று, இரண்டு, மூன்று எதிலும் ப்ளோயர் அசையாமல், நான்கில் மட்டும் முழு வேகத்தில் சுழன்றால் குறைந்த வேகங்களைத் தரும் ப்ளோயர் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. இந்தப் பிழைக்கு ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. ஆயினும் இரண்டுக்கும் உறவு உண்டு. ரெசிஸ்டர், ப்ளோயர் தள்ளும் காற்றிலேயே குளிர்வதற்காக அந்தக் காற்றுப் பாதையில் பொருத்தப்பட்டிருக்கிறது. காற்று குறைந்தால் அது சூடேறும். எனவே ரெசிஸ்டரை மாற்றும் அன்றே ஃபில்டரையும் பார்த்துவிடுவது நல்லது. ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுப் பாகம் இருப்பதால், அறிகுறி இவ்வளவு தெளிவாக இருக்காது. எந்த வேகத்திலும் ப்ளோயர் ஓடவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாக வந்த காற்று பயணத்தின் நடுவே நின்றுபோகிறது

தாம்பரத்தில் புறப்படும்போது குளிராக வீசிய காற்று, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டும்போது மெலிந்து, திண்டிவனம் நெருங்கும்போது அடியோடு நின்றுவிடுகிறது. தேநீருக்கு நிறுத்திவிட்டு வந்து ஏறினால் மறுபடி நன்றாக வீசுகிறது. காயிலில் பனிக்கட்டி பிடித்திருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். காயிலைக் கடக்கும் காற்று குறையும்போது, அதன் குளிர்ச்சியை எடுத்துச் செல்ல ஆளில்லாமல் காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. சென்னைக் காற்றின் ஈரம் அதன்மேல் உறைந்து, மீதமிருக்கும் வழியையும் அடைக்கிறது. நின்ற நேரத்தில் உருகி, காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கும்.

வழியில் இது நேர்ந்தால் ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, ப்ளோயரை ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டி கரைந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்க இங்கே இரண்டு நிமிடச் சோதனை போதாது. புதிய ஃபில்டரைப் போட்டு, அதே நீளப் பயணத்தை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். அப்போதும் உறைந்தால் கேஸ் குறைவோ, காயிலின் வெப்பநிலையை உணர்ந்து கம்ப்ரசரை நிறுத்தும் சென்சாரின் பழுதோ காரணமாக இருக்கும். இவை இரண்டும் பட்டறை வேலை.

அறிகுறி: காற்று தாராளமாக வருகிறது, ஆனால் குளிரவில்லை

இது ஃபில்டரின் வேலையன்று. சிக்னலில் நிற்கும்போது சூடாகவும், ஓடும்போது குளிர்ச்சியாகவும் இருந்தால், முன்பக்கத்தில் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறியையோ கண்டென்சரில் படிந்த மண்ணையோ பார்க்க வேண்டும். எப்போதும் குளிரவில்லை என்றால் கேஸ் கசிவு, கம்ப்ரசர் என்று பட்டறைக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவு எங்கே என்று காட்டாமல் நிரப்பி மட்டும் கொடுப்பவரிடம் நான் இப்போது போவதில்லை.

அறிகுறி: நாற்றம்

நாற்றத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். காரணங்களோ ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. எனவே எந்த வகை நாற்றம், எப்போது வருகிறது என்பதை முதலில் பிரிக்க வேண்டும்.

ஏசியைப் போட்ட முதல் நிமிடத்தில் ஐப்பசி மழையில் காயாத துணியின் வாடை வந்து, பிறகு அடங்கிவிட்டால், ஈரமான காயிலில் பூஞ்சை படிந்திருக்கிறது. ஃபில்டரை உருவி மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஃபில்டரே அந்த வாடை வீசினால் மாற்றுங்கள். ஃபில்டர் உலர்ந்து வாடையற்று இருந்தும் வென்ட்டில் வாடை வந்தால், காயிலுக்கென்று விற்கும் நுரை மருந்தை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் புது ஃபில்டர் போட்டால் ஒரு வாரத்தில் வாடை திரும்பிவிடும். மீண்டும் வராமல் இருக்க, வீடு சேர்வதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏசி பொத்தானை அணைத்து, ப்ளோயரை மட்டும் ஓட விட்டுக் காயிலை உலர்த்துங்கள். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர் வாசிகளுக்கு, ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் இருப்பதால், இந்தப் பழக்கம் கூடுதலாகப் பயன்படும்.

விடாமல் அடிக்கும் அழுகல் நாற்றம் என்றால் எலியைச் சந்தேகியுங்கள். நாள்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைத்த கார்களில் எலிகள் சல்லடை வழியாகவோ அடிப்பகுதி வழியாகவோ ஏறி, ஃபில்டரின் மேல் கூடு கட்டுகின்றன. எங்கள் குடியிருப்புக் காவலர் ஒருநாள், "சார், உங்க வண்டிக்கடியில பெருச்சாளி போறத ரெண்டு நாளா பாக்கறேன்" என்று சொன்னதால்தான் நான் அடுத்த முறை திறந்தேன். ஃபில்டரின் ஒரு மூலை நார் நாராகக் கடிக்கப்பட்டு, அதில் வேர்க்கடலைத் தோலும் தேங்காய் நாரும் இருந்தன. இப்படிக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஃபில்டரைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தைக் கிருமிநாசினி நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே புதியதைப் போட வேண்டும். ப்ளோயருக்குச் செல்லும் வயர்களில் கடித்த தடம் இருக்கிறதா என்றும் விளக்கடித்துப் பாருங்கள்.

பெருங்குடிக் குப்பைக் கிடங்கைத் தாண்டும்போதோ கொடுங்கையூர்ப் பக்கம் போகும்போதோ கூவத்தின் பாலத்தில் நிற்கும்போதோ மட்டும் வரும் நாற்றம் வெளியிலிருந்து வருவது. உள்சுழற்சிப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் ப்ளோயரின் இரைச்சல் சற்றுக் கூடிக் கேட்க வேண்டும். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை, நாற்றமும் நிற்கவில்லை என்றால், வழியை மாற்றும் தடுப்புத் தகடு சிக்கியிருக்கிறது. ஃபில்டரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. போகியன்று விடியற்காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் இந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

இனிப்பான வாடையோடு, முன் கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலமும் இருந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. இன்ஜின் ஆறிய பின் கூலன்ட் அளவைப் பாருங்கள். பெட்ரோல் வாடையோ புகைக் குழாயின் வாடையோ உள்ளே வந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, பட்டறையைக் கூப்பிடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை, எந்த ஃபில்டரும் அதைத் தடுக்காது. வாடையைப் பிடிக்கும் கரி அடுக்குள்ள கார்பன் ஃபில்டர் போட்டிருக்கிறோமே என்று இந்த ஒரு விஷயத்தில் துணியக் கூடாது.

அறிகுறி: சத்தம்

ப்ளோயரின் வேகத்துக்கேற்ப விரைவாகும் "டக் டக்" என்ற சத்தம், சுழலும் சக்கரத்தில் இலைக் காம்போ காகிதத் துண்டோ சிக்கியிருப்பதால் வருகிறது. சில கார்களில் ஃபில்டர் ப்ளோயருக்கு மேலே இருக்கும். அவற்றில் இந்தச் சத்தம் கேட்டால், கடைசியாக ஃபில்டரைக் கழற்றியபோது மேலிருந்த குப்பை உள்ளே சரிந்திருக்கிறது. வேறு சில கார்களில் ஃபில்டர் ப்ளோயருக்கும் காயிலுக்கும் நடுவே இருப்பதால், ஃபில்டரில் குறையே இல்லாமலும் இலை சக்கரத்துக்குள் போகும். மெல்லிய விசில் சத்தம் வேறு. மூடி சரியாகப் பொருந்தாத இடுக்கு வழியாகக் காற்று பாய்கிறது.

அறிகுறி: கண்ணாடியில் ஆவி படிதல்

மழை நாளில் கண்ணாடி மங்கினால் விரலால் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஆவி உள்ளே படிந்திருக்கிறது, விழாவிட்டால் வெளியே. சென்னையின் வடகிழக்குப் பருவமழையில் பெரும்பாலும் வெளியேதான் படியும். குளிர்ந்த காற்றைக் கண்ணாடி நோக்கித் திருப்பி வைத்ததே அதற்குக் காரணம். வென்ட்டைத் திருப்பி, வைப்பரை ஒருமுறை ஓடவிட்டால் போதும். உட்புறம் படிந்தால் ஏசியைப் போட்டு, உள்சுழற்சியை எடுத்துவிட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். அப்படியும் விலக நெடுநேரமானால் காற்றின் அளவு போதவில்லை, அல்லது ஃபில்டர் நனைந்திருக்கிறது. நனைந்த ஃபில்டரில் காய்ந்த நீரின் பழுப்புக் கோடுகள் தெரியும். அதை மாற்றுவதற்கு முன், சல்லடைக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளில் இலை அடைத்திருப்பதை நீக்குங்கள். இல்லையேல் அடுத்த மழையில் புதியதும் நனையும்.

அறிகுறி: இடது காலடியில் தண்ணீர்

ஏசி ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது நலமாக இருப்பதற்கு அடையாளம். புழுக்கமான நாளிலும் அடியில் ஈரம் இல்லாமல், இடது முன் இருக்கையின் மிதியடி நனைந்திருந்தால் காயிலின் தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஃபில்டருக்கு இதில் பங்கில்லை. தண்ணீர் ஏசியிலிருந்து வராமல் மழையில் மட்டும் வருகிறது என்றால் மேலே சொன்ன சல்லடைத் துளைகளையே பாருங்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றதுபோல இருக்கை மட்டத்துக்கு வெள்ளம் ஏறிய காரில், மேற்கண்ட சோதனைகள் எதையும் செய்ய வேண்டாம். சாவியையே திருப்பாமல் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டுப் பட்டறைக்கு அனுப்புங்கள். ஃபில்டரை வண்டி திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றி மாட்டும் முறை

இன்ஜினையும் சாவியையும் அணைத்துவிட்டு, க்ளவ் பாக்ஸில் இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் அது மெல்ல இறங்குவதற்கான ஒரு நாடாவோ சிறு தண்டோ மாட்டியிருக்கும். அதை முதலில் கழற்ற வேண்டும். பிறகு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால், ஓரத்தில் உள்ள முட்டுகள் விடுபட்டு, பெட்டி முழுவதும் கீழே தொங்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பிளாஸ்டிக் "கிர்" என்று சத்தம் போடும். அழுத்தம் சமமாக இருந்தால் உடையாது. வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் இளகியிருப்பதால் இன்னும் எளிதாக வளையும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் கண்ணில் பட்டால் அவற்றை இழுக்காதீர்கள். அவை ஏர்பேக்குக்கு உரியவை.

உள்ளே ஒரு சாண் அளவுள்ள நீள மூடி தெரியும். அதன் ஓரக் கொக்கியை விரலால் அழுத்தினால் மூடி கையோடு வரும். ஃபில்டரை உருவுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பிறகு வேண்டும். உருவும்போது தட்டில் வைத்த சாம்பலை எடுப்பதுபோலச் சாய்க்காமல் வெளியே இழுங்கள். பழைய ஃபில்டர் உப்பி, பாதியில் சிக்கினால் விளிம்பைச் சற்று மடித்து இழுக்கலாம். எப்படியும் அது குப்பைக்குத்தான் போகிறது. சில கார்களில் ஃபில்டர் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு முடிந்தது என்று எண்ணாமல், உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

காலியான இடத்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அது இல்லாவிட்டால் ஈரத் துணியால் வெளிநோக்கித் துடையுங்கள். ஊதக் கூடாது, ஊதினால் தூசி காயிலுக்குப் போகும்.

அம்புக்குறியைப் படம் எடுக்க மறந்தவர்கள் பழைய ஃபில்டரைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். காற்று நுழையும் பக்கம் கருத்திருக்கும், வெளியேறும் பக்கம் வெளுத்திருக்கும். புதிய ஃபில்டரின் அம்பு கருத்த பக்கத்திலிருந்து வெளுத்த பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஒருமுறை, எழுத்து நேராகப் படிக்கும்படி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் தலைகீழாகச் செருகிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறேன்.

மூடி "க்ளிக்" என்ற சத்தத்தோடு பொருந்தும் வரை அழுத்துங்கள். பெட்டியை ஏற்றும்போது முட்டுகளை உள்ளே தள்ளிவிட்டு, நாடாவை மறக்காமல் மாட்டுங்கள். மறந்தால் அடுத்த முறை பெட்டியைத் திறந்தவரின் முழங்காலில் அது விழும். முதல் முறை செய்பவருக்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு பத்து நிமிடம் போதும்.

மாற்றிய பின்னும் குறை தொடர்ந்தால்

புது ஃபில்டர் போட்ட பிறகும் டேஷ்போர்டில் மாவு போன்ற தூசி நாள்தோறும் படிந்தால், ஃபில்டரின் பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறது. காற்று எப்போதும் எளிய வழியைத் தேடிப் போகும். ஒரு விரலளவு இடுக்கு இருந்தாலே பெரும்பகுதி வடிகட்டாமல் போய்விடும். அளவு குறைந்த போலி ஃபில்டர்களிலும், விளிம்பில் பஞ்சு ஒட்டாதவற்றிலும் இது சாதாரணம். பழையதையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகே பழையதை எறியுங்கள்.

சாதாரண ஃபில்டருக்குப் பதிலாகக் கார்பன் ஃபில்டர் போட்டதும் காற்று சற்று மெலிந்ததாகத் தோன்றினால் அது பிழையன்று. அடுக்கு கூடியதால் தடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. கார்பன் ஃபில்டரில் உள்ள கரியைப் பல நேரங்களில் நம் வீட்டில் எறியும் கொட்டாங்குச்சியிலிருந்தே செய்கிறார்கள். அந்தக் கரியின் நுண்துளைகள் வாடையைப் பிடித்து வைக்கின்றன. துளைகள் நிரம்பியபின் தட்டியோ வெயிலில் காயவைத்தோ அதை மீட்க முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அழுக்கைப் பார்க்கும் வழக்கமும் இதற்குப் பொருந்தாது, புதிதாக இருக்கும்போதே வெளிச்சம் ஊடுருவாது. பட்டறையில் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தருவது சாதாரண ஃபில்டரில் பெரிய தூசியை மட்டும் நீக்கும், 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்கள் இழைக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீரில் கழுவுவது இன்னும் மோசம். பல ஃபில்டர்களின் இழைகள் மின்னூட்டத்தால் தூசியைக் கவர்ந்து பிடிக்கும்படி செய்யப்பட்டவை. நனைத்தால் அந்த ஆற்றல் போய்விடும். கழுவலாம் என்று உறையிலேயே எழுதியிருப்பதை மட்டும் கழுவுங்கள்.

வாங்குவதற்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்குப் போனால் எந்தக் காருக்கும் கிடைக்கும். "எந்த வருஷத்து வண்டி சார்? பழைய ஷேப்பா, புது ஷேப்பா?" என்று கடைக்காரர் கேட்பார், ஒரே பெயரில் வந்த காருக்கும் தலைமுறைக்குத் தலைமுறை ஃபில்டரின் அளவு மாறும் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆர்.சி.யின் படத்தைக் காட்டுவதைவிடப் பழைய ஃபில்டரையே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது சிறந்தது. விளிம்பின் பஞ்சு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, மடிப்புகள் சம இடைவெளியில் நிற்கின்றனவா, அம்புக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

பல கையேடுகள் 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. தூசி மிகுந்த இடங்களில் அதற்கும் முன்பே என்று சேர்த்திருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் தினமும் போய்வருகிறவர் அந்த இரண்டாம் வாக்கியமே தமக்கு எழுதப்பட்டது என்று கொள்ள வேண்டும். நான் 5,000 கிலோமீட்டரில் திறந்து பார்க்கிறேன். பங்குனி முடிவதற்குள், வெயில் ஏறும் முன்பு, எப்படி இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். செருகுவதற்கு முன் ஃபில்டரின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுவதால், அடுத்த முறை மூடியைத் திறப்பவர் நானாக இருந்தாலும் பட்டறைக்காரராக இருந்தாலும், "இது எப்போது போட்டது" என்ற கேள்விக்குக் கணக்கு அதிலேயே இருக்கும்.